ரேகை விடாத நாகேந்திரம்

நாகேந்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணிக் கிளாசைக் கைலேஞ்சித் துணியால் சுற்றித்தான் பிடிப்பார். கதவைப் புறங்கையால் தள்ளுவார். மணியை விரல் மொளியால் அமத்துவார். புதிதாகப் பார்ப்பவர்கள் இவருக்கு ஏதோ தோல் வருத்தம் என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். பழகியவர்களுக்குத் தெரியும், அது முப்பது வருட உத்தியோகம். அரசாங்கத்தில் கைரேகை பார்த்து, நாடு முழுக்க நீதிமன்றங்களில் ஏறிச் சாட்சி சொல்லி ஓய்வு பெற்றவர். “போற இடமெல்லாம் ரேகையை விட்டிட்டு வாறவன் மனிசனே?” என்று கேட்பார்.

“வீட்டில ஒரு கோப்பையைக் கழுவி வைக்கிறதுக்கும் அந்த விரல் படாது” என்பார் மனைவி அருந்ததி.

சாட்சிக் கூண்டில் அவர் ஒருநாளும் சொல்லாத வாக்கியம் ஒன்று உண்டு: “சொல்ல ஏலாது.” எதைக் கேட்டாலும் ஓம் அல்லது இல்லை. அதற்காகவே பொலிசாருக்கு அவரைப் பிடிக்கும். ஓய்வுக்குப் பிறகு அவருடைய நிச்சயங்களைக் கேட்க வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அருந்ததி ஒருவர்தான் மிஞ்சினார். அவரும் அநேகமாகச் சமையலறையில் இருப்பார்.

அப்படியிருக்கத்தான் பிள்ளையாரின் வெள்ளி விளக்குக் காணாமல் போனது.

தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார். பக்கத்தில் கண்ணாடி அலுமாரி. அதற்குள் வெள்ளி விளக்கு. அதன் பூட்டுக்குத் திறப்பு இரண்டு: ஒன்று நாகேந்திரத்திடம், மற்றது குடியிருப்போர் சங்கத் தலைவர் தியாகராசா வீட்டில். வெள்ளிக்கிழமை தோறும் நாகேந்திரம் அலுமாரியைத் திறந்து விளக்கேற்றுவார். கைலேஞ்சியோடுதான். அதற்கு முன் காவலுக்கு நிற்கும் அழகர் கண்ணாடியைத் துடைத்துவைக்க வேண்டும். அது நாகேந்திரத்தின் கட்டளை.

யாழ்ப்பாணத்தில் தமையன் இறந்து நாகேந்திரம் ஊருக்குப் போனார். திரும்பி வந்தும், துடக்கு என்று சாமிப் பக்கம் தலைகாட்டவில்லை. துடக்குக் கழிந்து அலுமாரியைத் திறந்தால் விளக்கில்லை.

பொலிசுக்குச் சொல்லுமுன்பே அவர் தன் பழைய தூரிகையை எடுத்துவிட்டார். பவுடர் தீர்ந்துபோயிருந்தது. அருந்ததியின் முகப்பவுடரைக் கொண்டுவந்து கண்ணாடி முழுக்கத் தட்டினார். பொம்பிளை பார்க்க வருகிற நாளில்கூட ஒரு வீட்டில் அவ்வளவு பவுடர் செலவாகாது. கண்ணாடியில் ஒரு ஊரே கை வைத்திருந்தது. பிள்ளையாரைக் கும்பிட வந்தவர்கள் எல்லாரும் அதில் சாய்ந்துதானே கும்பிடுவார்கள்!

“எல்லாற்ற கைரேகையையும் எடுப்பமோ?” என்று தியாகராசா கேட்டார்.

“உமக்கென்ன விசரே? மேல் மாடியில டொக்டர் இருக்கிறார். பாங்க் மனேச்சர் இருக்கிறார். அவையளிட்டப் போய் விரலைத் தாங்கோ எண்டு கேக்கிற மரியாதையோ?”

மரியாதை பார்க்க வேண்டியிராத ஒரே ஆள் அழகர். அவருடைய விரல்களை மையில் அழுத்தினார்கள். பொருந்தியது.

“ஐயா, நீங்கதானே தொடைக்கச் சொன்னீங்க!” என்றார் அழகர்.

“விஞ்ஞானம் பொய் சொல்லாது” என்றார் நாகேந்திரம்.

பொலிசில் முறைப்பாடு போனது. அழகர் விளக்கமறியலுக்குப் போய்ப் பிணையில் வந்தார். களவு வழக்கு உள்ளவரைக் காவலுக்கு வைக்க யாருக்குப் பைத்தியம்? கொட்டாஞ்சேனையில் மனைவி சாமினி இடியப்பம் அவித்து வீட்டைக் கொண்டு நடத்தினார். இரண்டு வருடமாக வழக்குத் தவணையில் கிடந்தது. தீர்ப்புப் பிழைத்தால் அழகர் மறியலுக்குப் போவார். அந்தத் தீர்ப்பு நாகேந்திரத்தின் வாயில் இருந்தது.

கடைசியில் ஒருநாள் கூண்டில் ஏறினார். கோட்டும் போட்டிருந்தார். சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்றார். மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொல்லும்போது தன் சொல்லைத் தானே இரண்டாம் முறை கேட்கலாம் அல்லவா!

அழகருக்காக வந்தவர் மாளிகாவத்தைச் சட்டத்தரணி பௌஸி. மெல்லிய குரல்.

“கண்ணாடியில எத்தின பேர்ட ரேகை இருந்திச்சி, ஐயா?”

“கனபேற்ற.”

“யார்ட ரேகையோட ஒப்பிட்டீங்க?”

“அழகற்ற.”

“மத்தவங்கட?”

“அவையள் அங்க குடியிருக்கிற ஆக்கள்.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த நீதவான் தலையை நிமிர்த்தினார். நாகேந்திரம் தண்ணீர் கேட்டார். கிளாஸ் வந்ததும் கை தானாகவே கைலேஞ்சியை எடுத்தது.

“கையில காயமா, ஐயா?”

“இல்லை, பழக்கம்.” இவ்வளவு கரிசனையாக அவரிடம் யாரும் விசாரித்து வருடக்கணக்காகிறது. “ரேகை விழாமல் ஒரு சாமானை எப்பிடி எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியும். முப்பது வருசப் பழக்கம்.”

“அலுமாரித் திறப்பு உங்கட கையிலயும் இருந்திச்சி?”

“ஓம்.”

“அலுமாரியையும் இப்பிடித்தான் திறப்பீங்க?”

“வேற எப்பிடி?”

“அப்ப கண்ணாடியில உங்கட ரேகை?”

“ஒண்டும் இராது” என்றார் பெருமையாக.

“அந்தக் கட்டடத்தில ரேகை விடாம விளக்கை எடுக்கத் தெரிஞ்சவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?”

நாகேந்திரம் யோசித்தார். தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“இல்லை. எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

பின் வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் சிங்களம் மட்டும் தெரிந்தவர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறேன் என்பது நாகேந்திரத்துக்கு விளங்கியது. தண்ணீரைக் குடிக்காமலே கிளாசை வைத்தார்.

நீதவான் அவரை நேராகக் கேட்டார்: “அழகரின் ரேகை துடைக்கும்போது அல்ல, களவெடுக்கும்போதுதான் பதிந்ததா?”

எதிரே அழகர் குற்றவாளிக் கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து விரலும் மரத்தில் பதிந்திருந்தன. நாகேந்திரம் அந்த விரல்களைப் பார்த்தார். மைக்கு வெளியே அவற்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஓம் என்றாலும் தன் பெயர் நிற்கும். இல்லை என்றாலும் நிற்கும். ஆனால் இரண்டில் எது உண்மை என்று ரேகை சொல்லாது.

“சொல்ல ஏலாது” என்றார்.

“கேட்கவில்லை” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“சொல்ல ஏலாது! துடைக்கேக்கையும் வந்திருக்கலாம்.”

அழகர் விடுதலையானார்.

விளக்கு அடுத்த மாதம் தானாக வந்தது. தியாகராசாவின் மனைவி சுபோதினி கனடாவிலிருந்து திரும்பினார். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று போனவர், இரண்டாவதையும் பார்த்துவிட்டே வந்தார். தன் வீட்டுச் சாமியறை அலுமாரியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய விளக்கை வெளியே எடுத்து வைத்தார்.

“துடக்கு வீட்டுக்காரற்ற கையில திறப்பு இருக்கேக்க சாமிச் சாமானை அங்க விடலாமோ? அதுதான் போறதுக்கு முதல் எடுத்து வச்சனான். இவரிட்டச் சொன்னனானே!”

“எப்ப சொன்னனீர்?” என்றார் தியாகராசா.

“கிரிக்கெட் பாத்துக்கொண்டு ‘ம்’ எண்டனீங்களே!”

இரண்டு வருடத்தில் சுபோதினியிடம் ஒருவர்கூடத் தொலைபேசியில் கேட்கவில்லையா? கேட்கவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் களவுக் கதை சொல்லக்கூடாது என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

இப்போதும் சங்கம் கூடியது. இந்த விஷயத்தைப் பெரிதுபடுத்துவதில்லை என்று முடிவாயிற்று. நாகேந்திரம் மட்டும் கொட்டாஞ்சேனைக்குப் போனார். சாமினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கைலேஞ்சி சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கிளாஸ் சுட்டது.

“விளக்குக் கிடைச்சிட்டுது. பிழை என்னிலதான், அழகர். திரும்ப வேலைக்கு வாரும்.”

“வேணாங்க ஐயா” என்றார் அழகர். “நான் தொட்டாத்தான் பதியுது. அந்தக் கண்ணாடிய இனிமே நீங்களே தொடைச்சிக்கங்க.”

அழகர் இப்போது மருதானையில் ஒரு கடைத்தொகுதிக்குக் காவல் நிற்கிறார். வெள்ளவத்தைப் பக்கம் வருவதில்லை. விளக்கு அலுமாரியில் இருக்கிறது. திறப்பு இரண்டும் சுபோதினியிடம். வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியை நாகேந்திரம் துடைக்கிறார்.