நிஸ்றாவின் அவுரி வளவு

ஏறாவூரில் நிஸ்றாவின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவளுடைய விரல்களைத் தெரியும். நகக்கண் வரைக்கும் நீலம். "கையக் கழுவிட்டு வரப்படாதா?" என்று யாராவது கேட்டால், "கழுவின கைதான்" என்று நீட்டிக் காட்டுவாள்.

பள்ளிக்கூடம் விட்ட காலத்திலிருந்து மூத்த சகோதரன் ஜிப்ரியின் நெசவுசாலையில்தான் வேலை. நெசவோடு, சாயத்தொட்டியில் நூலை முக்குவதும் அவள் பங்கு. கையில் கொப்புளம் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வாவியில் வலை வீசப் போன கணவன் கபூர் ஒருநாள் சிவப்பேறிய வலையோடு வந்து நின்றார். நெசவுசாலைச் சாயக்கழிவு வடிகான் வழியாக வாவிக்குத்தான் ஓடியது. நிஸ்றா நேரே ஜிப்ரியிடம் போனாள்.

"காக்கா, அந்தச் சாயத் தண்ணிய வாவிக்குள்ள விடாதீங்க. குழி வெட்டி நிப்பாட்டுங்க."

"சாயம் வேணாமெண்டா ஊருக்கெல்லாம் வெள்ளக் கபன் துணிதான் நெய்யணும், புள்ள" என்று ஜிப்ரி சிரித்தார்.

"சாயம் வேணும். இந்தச் சாயம் வேணாம்."

"வேற சாயம் மரத்திலயா காய்க்குது?"

"காய்க்க வெக்கிறன்" என்று தறியை விட்டு எழும்பினாள்.

கோபத்தில் வந்த வார்த்தை. பாதி வழியில்தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். திரும்பிப் போய் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

வாவிக்கரையில் உம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வளவு ஒன்று கிடந்தது. அந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். உவர் மணல் என்று யாரும் திரும்பிப் பார்க்காத காணி. ஜிப்ரி உடைந்த தறிக்கட்டைகளை அங்கே போட்டு வைத்திருந்தார். நிஸ்றா அவற்றைத் தூக்கி வேலிக்கு வெளியே அடுக்கினாள். நீலத்துக்கு அவுரி விதைத்தாள். மஞ்சளுக்கு மாதுளை நட்டாள். சிவப்புக்குச் சாயவேர்ச் செடியைக் கதிரவெளிக் கடற்கரை மணலில் தேடிப் பிடுங்கி வந்தாள்.

முதல் மாரியிலேயே வாவி வேலி தாண்டி வந்து அவுரியை அழுகவைத்துவிட்டுப் போனது.

"விட்டிருவமா?" என்றார் கபூர்.

"வெள்ளம் அதுட வேலையப் பாக்குது. நாம நம்மட வேலையப் பாப்பம்."

உமியும் மாட்டெருவும் தென்னந்தும்பும் கொட்டி, முழங்கால் உயரத்துக்குப் பாத்தி கட்டி மறுபடி விதைத்தாள். செடி செழித்தது, சாயம்தான் வரவில்லை. இலையை ஊறப்போட்டால் நாற்றம் நாலு வீட்டுக்கு அடித்தது; துணி கழுநீர் நிறத்தில் வந்தது. "காக்காவோட வீம்புக்குக் காடு வளக்கிறா" என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அவள் காது கொடுக்கவில்லை. சுண்ணாம்பைக் கூட்டினாள், குறைத்தாள், பானை பானையாகக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊறவைத்தாள். கடைசியில் ஒரு காலை, பானையிலிருந்து பச்சையாக வெளியே வந்த துணி காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலமாக மாறத் தொடங்கியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சத்தம் கேட்டுக் கபூர் பயந்துபோய் ஓடி வந்தார்.

வீட்டுத் தறியில் அவள் நெய்த நீலச் சீலையின் பேச்சு ஊரில் பரவிய கையோடு ஜிப்ரிக்கு அந்தக் காணியில் நூல் களஞ்சியம் கட்டும் யோசனை வந்தது. தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண் வாரும் பெக்கோ மிசினை அனுப்பிவிட்டார். நிஸ்றா அவுரி ஒடித்துக்கொண்டிருந்தபோது அது வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. அவள் கையிலிருந்த கட்டோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நிப்பாட்டுங்க! ஆர்ட காணியெண்டு கேட்டா வந்தீங்க?"

"ஜிப்ரி முதலாளிதான் அனுப்பினவர், அக்கா" என்றான் சாரதி ரதீஸ்.

பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஜிப்ரி வந்து இறங்கினார். "ஊரே சிரிக்குது. வழிய விடு, புள்ள."

"சிரிக்கட்டும், காக்கா. வாய் நொந்தா நிப்பாட்டுவாங்க. உம்மா இத எனக்குத்தான் எழுதினவ. ஏத்துறதெண்டா முதல்ல என்ட மேல ஏத்தச் சொல்லுங்க."

ஜிப்ரி ரதீஸைப் பார்த்து, ஓட்டு என்று கையை அசைத்தார். ரதீஸ் என்ஜினை நிறுத்தினான். "கூடப் பிறந்தவங்கட சண்டைக்குள்ள எனக்கென்னத்துக்குப் பொல்லாப்பு, முதலாளி?" என்றவன் மிசினை மறுபடி கிளப்பிப் பின்னுக்கு எடுத்தான். போகிற போக்கில் சில்லு ஒரு மாதுளங்கன்றை நசுக்கியது. அன்று பின்னேரமே நிஸ்றா அந்த இடத்தில் இன்னொன்றை நட்டாள்.

அதன்பிறகு ஜிப்ரி அவளோடு பேசவில்லை. அவருடைய மகள் சப்னாவின் கலியாணத்துக்கு அழைப்புச் சொல்ல மதினிதான் வந்தாள். தானே நெய்து, தானே சாயமேற்றிய சீலையை உடுத்துக்கொண்டு நிஸ்றா போனாள். பெண்கள் கிசுகிசுத்தார்கள். சப்னா அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்து, "மாமி, எனக்கொண்டு தராம உங்கள விடமாட்டன்" என்றாள். வாசலில் நின்ற ஜிப்ரிக்கு அது கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெசவுசாலைக் கான் இன்னும் வாவிக்குத்தான் ஓடுகிறது. நிஸ்றா விட்டபாடில்லை. அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போய்ச் சுற்றாடல் அதிகாரியின் கந்தோர் மேசையில் வைப்பாள். "போன முறையும் வந்தீங்களே" என்று சலித்துக்கொண்ட அதிகாரியிடம் சொன்னாள்:

"அடுத்த முறையும் வாறன், சேர். தண்ணி தெளியிற வரைக்கும் வருவன்."