நாலாவது அசைவு

சின்னம்மா வெளியே புறப்படும்போதெல்லாம் துணைக்கு என்னை அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அவர் அம்மாவின் ஒரே தங்கை, கல்யாணமாகாதவர். துறைமுகத்துக்கு அருகில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாய்க்கும் கிணற்றுக்கும் கடலுக்கும் பயந்த ஒரு சிறுமி, வளர்ந்த பெண் ஒருவருக்கு எப்படிக் காவலாக முடியும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. துணை என்றால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

கராத்தே வகுப்புக்கும் அப்படித்தான் போனேன். சின்னம்மாவைக் கந்தோரில் சில பின்னேரங்களில் வேலை முடிந்தும் பிந்தி நிற்கச் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. எந்நேரமும் குனிந்திருந்து முதுகு நோகிறது, உடற்பயிற்சி வேண்டும் என்று அவர் வீட்டில் சொன்னார்.

"முதுகு நோவுக்கு எண்ணெய் பூசினால் போதும். ஆம்பிளையளோடை நிண்டு கையைக் காலை எறியவேணுமே?" என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். "பழகட்டும், பழகட்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் முதலே சொல்லிப்போடுங்கோ. பிறகு எலும்பு முறிஞ்சு போச்செண்டு எங்களிட்டை வரக்கூடாது."

வகுப்பு, பட்டினத்தில் ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. சின்னம்மாவைத் தவிர எல்லோரும் ஆண்கள். வாசலருகே கிடந்த நீள மர வாங்கில், கழற்றி வைத்த செருப்புகளுக்குக் காவலாக நான் இருப்பேன். மாஸ்ரர் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒன்றாகக் குனிந்து வணங்குவார்கள். இடப்பக்கம் திரும்பி இடக்கையைக் கீழே வீசுவார்கள். ஓரடி முன்னே வைத்துக் குத்துவார்கள். முற்றாகப் பின்னால் திரும்பி வலக்கையைக் கீழே வீசுவார்கள். இப்படியே போகும். இதற்குக் கட்டா என்று பெயர். எதிரே எவரும் இல்லை. ஆனால் அத்தனை பேருடைய கண்களும் ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். வாங்கில் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு, அவன் என் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன்.

மாஸ்ரரிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. கட்டாவில் எங்கே பிழைத்தாலும் அந்த இடத்திலிருந்து தொடரக் கூடாது. நிறுத்தி, மறுபடியும் குனிந்து வணங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனையோ பின்னேரங்கள் இதைப் பார்த்திருந்ததில் கட்டா எனக்கும் பாடமாகிவிட்டது. சின்னம்மா எங்கள் லிங்கநகர் வீட்டின் பின்வளவில், உடுப்புக் காயவிடும் கொடிக்குக் கீழே பழகும்போது, நானும் பின்னால் நின்று செய்வேன். பிழைத்தால் நானும் குனிந்து வணங்கி முதலிலிருந்து தொடங்குவேன்.

அதில் நாலாவது அசைவு ஒன்று இருந்தது. கீழே வீசிய வலக்கையைச் சட்டென்று உடலை நோக்கி இழுத்து, தலைக்கு மேலே சுழற்றி, முட்டியைச் சம்மட்டிபோல் இறக்க வேண்டும். தோய்க்கிற கல்லில் ஈரச் சீலையை இழுத்து அடிப்பதுபோல் இருக்கும். மற்ற அசைவுகளையெல்லாம் சின்னம்மா ஓரளவு ஒப்பேற்றிவிடுவார். அந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பிழையென்று தலையாட்டிக்கொண்டு மறுபடியும் தொடங்குவார். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் மாஸ்ரரிடம் அதைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். மற்ற எதைப் பற்றியும் அவர் கேட்டதை நான் காணவில்லை.

மறுநாள் பின்வளவில் என்னைக் கூப்பிட்டார்.

"என்ரை கையைப் பிடி."

அவருடைய வலக்கை மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ரெண்டு கையாலும் பிடி. இறுக்கி. என்ன நடந்தாலும் விடாதை."

நான் விடவில்லை. ஆனால் என் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. அடுத்த கணம் அவருடைய முட்டி என் நெற்றிக்கு மேலே, முடி தொடும் தூரத்தில் நின்றது. அந்த முகம் என் சின்னம்மாவின் முகம் இல்லை. நான் வீரிட்டு அழுதேன். அவர் உடனே முழங்காலில் நின்று என்னை அணைத்துக்கொண்டார்.

"அழாதை பிள்ளை. பெருவிரல் பக்கமா இழுக்கவேணும், விளங்கிச்சோ? பிடிக்கிறவன்ரை கையிலை அந்த இடம்தான் பூட்டில்லாத இடம்."

"அப்ப இது சீலை தோய்க்கிறது இல்லையோ?"

"இல்லை. இதிலை எல்லாத்திலையும் ஓர் ஆள் நிக்குது."

"உங்களுக்கு ஆரைத் தெரியுது சின்னம்மா?"

அவர் எழும்பி வானத்தைப் பார்த்தார். "மழை வரப்போகுது. உடுப்பை எடு."

மழை வரவில்லை. எனக்கோ, அதன்பின் கொடியில் வெள்ளை வேட்டி அசைந்தாலும் அதற்குப் பின்னால் அந்த ஆள் நிற்பதாகத் தோன்றியது.

சின்னம்மாவுடன் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு மூதூரில் கல்யாணம் வந்தது. வழக்கம்போல் நான் துணை. குடாவைக் கடந்து போகிற மோட்டார்ப் படகான லோஞ்ச் என்றாலே எனக்கு நெஞ்சு அடிக்கும். குடாவின் நடுவில் வெளிக்கடல் அலை உள்ளே வருகிற இடத்தில் அது ஒருபக்கமாகச் சாயும். காலையில் இறங்குதுறைக்குப் போனபோது அங்கே கந்தோர் ஐயா நின்றார்.

ஐயா, சின்னம்மாவின் பகுதிக்குப் பெரியவர். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். அம்மா அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்துத் தேநீர் கொடுத்தார். சின்னம்மாவின் வேலை அப்போது தற்காலிகம். அதை நிரந்தரமாக்க ஐயாவின் சிபாரிசு வேண்டும். அவர் சத்தம் போட்டுக் கதைத்து எவரும் கேட்டதில்லை. எனக்கு எப்போதும் இஞ்சி டொபி கொண்டுவருவார். "தங்கமான மனிசன்" என்று அம்மா சொல்லுவார்.

"நானும் கல்யாணத்துக்குத்தான் போறன்," என்றார் ஐயா. "நல்லதாப் போச்சு. துணையாப் போவம்."

லோஞ்சில் இருபக்கமும் நீள வாங்குகள். இருந்த ஒழுங்கைச் சரியாகச் சொல்ல வேண்டும். இடப்பக்க வாங்கில் சின்னம்மா. அவருக்கு இடப்பக்கத்தில், லோஞ்சின் முன்முனையான முன்னணியத்தை ஒட்டி, நான். வலப்பக்கத்தில் ஐயா. எங்களுக்கு எதிரே, மூதூருக்குத் திரும்பிப் போகும் முஸ்லிம் பெண் ஒருவர், முட்டை அடுக்கிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முன்னால் வெங்காய மூட்டைகள்.

லோஞ்ச் புறப்பட்டதும் ஐயா எனக்கு ஒரு டொபி தந்துவிட்டுப் பேப்பரை விரித்தார்.

"காத்துக்குப் பறக்குது. அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடியும்," என்றார் சின்னம்மாவிடம்.

பேப்பர் இருவருடைய மடியையும் மூடிக் கிடந்தது. கோணேசர் மலை பின்னால் போய்ச் சிறிதாகிக்கொண்டிருந்தது. சின்னம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டொபி சுற்றியிருந்த கடதாசி கீழே விழ, அதை எடுக்கக் குனிந்தேன். அப்போது பேப்பருக்கு அடியில் பார்த்தேன்.

ஐயாவின் கை சின்னம்மாவின் வலக்கை மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கண்ணாடிக் காப்புகள் மேலே ஒதுங்கித் தோலில் அழுந்தியிருந்தன. சின்னம்மாவின் முட்டி இறுக மூடியிருந்தது. நான் நிமிர்ந்து ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏதோ செய்தியை வாசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. வலக்கை. பெருவிரல் பக்கம். நாலாவது அசைவு. இப்போது இழுப்பார், இப்போது இழுப்பார் என்று காத்திருந்தேன். லோஞ்ச் வெளிக்கடல் அலைக்குள் புகுந்து சாய்ந்தது. சின்னம்மா இழுக்கவில்லை. அவருடைய கீழுதடு நடுங்கியது. அதைக் கண்டபோதுதான் பயம் வந்தது. இதுவரை நான் பயந்தபோதெல்லாம் சின்னம்மா பயப்படாமல் இருந்தார். இப்போது அவரும் பயந்தால் இந்தக் கடலில் பயப்படாத ஆள் என்று எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? வாயில் டொபி கரைந்து எரிந்தது. விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நான் எழும்பி அவர்கள் இருவருக்கும் முன்னால் போய் நின்றேன். ஐயாவின் கையை இழுத்து விட்டிருக்கலாம், சத்தம் போட்டிருக்கலாம். அப்படி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது கட்டா. கட்டாவை முதலிலிருந்துதான் தொடங்கலாம். முன்னணியத்தைப் பார்த்து நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி, வெங்காய மூட்டைகளுக்குக் குனிந்து வணங்கினேன்.

"என்ன புள்ள, ஆருக்குச் சலாம் போடுறா?" என்றார் முட்டைக்காரப் பெண். "ஆடுது, உழுந்திருவா. இரி."

லோஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இடப்பக்கம் திரும்பி இடக்கையைக் கீழே வீசினேன். வீசிய கை பேப்பரில் பட்டது. அது கிழிந்து, காற்றில் எழும்பி, வெங்காய மூட்டைகளுக்கு மேலே போய் விழுந்தது.

ஐயாவின் கை இன்னும் அங்கேயே இருந்தது.

முட்டைக்காரப் பெண் கூடையை மெல்லக் கீழே வைத்தார்.

"ஐயா, பேப்பர் உழுந்திட்டு," என்றார். "கையையும் எடுங்க."

ஐயா கையை எடுத்தார். எடுத்த கையால் தன் தலைமயிரைத் தடவி, "பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை. தலை சுத்துது," என்று சிரித்தார்.

"அவக்கு ஒண்டும் சுத்தல்ல. நேராத்தான் நிக்கிறா. தங்கச்சி, நீங்க இஞ்சால வந்து இரிங்க. புள்ளயையும் கூட்டிட்டு வாங்க."

ஆனால் என் கணக்கில் கட்டா பிழைத்துப் போயிருந்தது. நாலாவதுக்கு இன்னும் நான் வரவேயில்லை. ஆகவே விதிப்படி மறுபடியும் குனிந்து வணங்கினேன். இந்த முறை நான் பார்த்து நின்றது ஐயாவை. பின்பக்கத்தில் யாரோ சிரிக்க, லோஞ்ச் முழுவதும் சிரித்தது. ஐயா கடலைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன். சின்னம்மா வந்து என்னை இழுத்து, எதிர்ப்பக்க வாங்கில் முட்டைக் கூடைக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

கதை எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளை பெரிய மனிதருக்கு முன்னால் குழப்படி செய்து, பேப்பரையும் கிழித்தது என்பதே அது. வேலை நிரந்தரமாகவில்லை. வேறொருவருக்குப் போயிற்று. "துணைக்கு விட்டால் மானத்தை வாங்கிக்கொண்டு வந்து நிக்குது," என்று அம்மா என்னை ஏசினார். சின்னம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படியில் நின்றார். நானும் பேப்பருக்கு அடியில் கண்டதைச் சொல்லவில்லை. நாலாவது அசைவு வரை என்னால் போக முடியாததுதான் சொல்லக் கூடாத இரகசியம் என்று நினைத்திருந்தேன். பிறகு சின்னம்மா மட்டக்களப்பில் ஒரு வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலைக் கதைக்கு முன்னர் நடந்த ஒன்றைக் கடைசியில் வைக்கிறேன். மூதூருக்குப் போய் வந்த அதே கிழமை, சின்னம்மா என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய், இந்த முறை அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடங்கு."

நான் குனிந்து வணங்கினேன்.

"கும்பிடாதை. அவன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், நீ ஆருக்குக் கும்பிடுறாய்? இங்கையிருந்து தொடங்கு."

"ஏலாது சின்னம்மா. முதல் மூண்டும் செய்தால்தான் இது வரும்."

"அந்த மூண்டுக்கும் நேரம் தரமாட்டினம். இழு."

பிடி இறுகியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிடிபட்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ, நோகுது."

"இழு!"

பெருவிரல் பக்கமாக இழுத்தேன். அவருடைய விரல்கள் திறந்தன. என் கை வெளியே வந்துவிட்டது. அவர் தோய்க்கிற கல்லில் குந்தியிருந்து, சத்தமில்லாமல் அழுதார்.

நான் திகைத்துப் போனேன். இழுத்த வேகத்தில் அவரை நோகச் செய்துவிட்டேன் என்று ஓடிப்போய் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கட்டில் வளையமாக ஒரு கன்றல் இருந்தது. கொஞ்சம் மேலே, சட்டைக் கை மூடுகிற இடத்தில், மங்கலாக இன்னொன்று. இரண்டையும் தடவிக் கொடுத்து, இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டேன். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சொன்னேன். அவர் என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டார்.

மணிக்கட்டிலிருந்த கன்றலின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. மேலே இருந்தது முழுவதுமே மஞ்சள். அப்போதுதான் பட்ட காயம் மஞ்சளாக இருக்காது என்பது எனக்குத் தெரியவில்லை.