பூட்டிலேயே விட்டுவந்த சாவி: ஆரணியிலிருந்து ஜவ்வாது மலைக்கு

பொங்கல் லீவு முடிந்த முதல் சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போனோம். வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது எங்கே இட்லி நன்றாக இருக்கும், எந்த அருவியில் இப்போது தண்ணீர் விழுகிறது என்பதைப் பற்றித்தான். இந்த முறை போன காரணம் வேறு. எங்கள் குடும்பத்தின் பேரில் மலைமேல் பன்னிரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அதை உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் போனோம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம்.

எங்கள் அப்பாவுக்கு ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம். பட்டு நூலுக்குப் பெங்களூரையே நம்பிக் கிடக்கிறோமே, நாமே புழு வளர்த்தால் என்ன என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது. மலையில் குளிர்ச்சி இருக்கிறது, மல்பெரி தழைத்து வரும் என்று யாரோ ஏற்றிவிட, சமவெளிக்காரர் ஒருவரிடமிருந்து அந்த நிலத்தை வாங்கிச் சுற்றிலும் முள்கம்பி போட்டார். மல்பெரியில் பாதியை ஆடு தின்றது, மீதியை மான் தின்றது. புழுவை எறும்பு தின்றது. அப்பா மலையை விட்டு இறங்கிவிட்டார். வேலி மட்டும் நின்றுவிட்டது.

அந்த வேலிக்குள் ஒரு சுனை இருக்கிறது. சுனைக்கு மேலே மூன்று கற்கள். அங்கே இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரளக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) அதுதான் அம்மன். நிலமும் அவர்களுடைய பாட்டன் பூட்டன் சாமை விதைத்த நிலம்தான், கைநாட்டு வைத்த காலத்தில் கைமாறிப் போனது. ஆடி மாதம் அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டுமென்றால், ஊரிலிருந்து ஒருவர் எழுபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் ஆரணிக்கு வந்து, எங்கள் வீட்டில் கேட் சாவி கேட்டு வாங்கிக்கொண்டு போவார். நாங்களும் காபி கொடுத்து அனுப்புவோம், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி.

ஆள் நடமாட்டம் இல்லாததால் உள்ளே காடு தானாக வளர்ந்துவிட்டது. கடுக்காய், நாவல், இலுப்பை, எனக்குப் பேர் தெரியாத இன்னும் என்னென்னவோ. காடு காக்கும் வேலை செய்கிற ஒரு சிறிய அறக்கட்டளைக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு எங்களிடமும் ஊராரிடமும் பேசினார்கள். ஏற்பாடு இதுதான்: நிலம் ஊர்ச் சங்கத்தின் பேருக்கு மாறும். ஊரார் அதை விற்கக்கூடாது, விற்பனைக்கு மரம் வெட்டக்கூடாது. தேன், கடுக்காய், காய்ந்த விறகு எல்லாம் அவர்களுக்கே. பத்திரப் பதிவுச் செலவும், காட்டுத்தீயைத் தடுக்கும் ஊர்க்காரர் இருவருக்குச் சம்பளமும் அறக்கட்டளையின் பொறுப்பு.

கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அப்பாவுக்குப் பிறகு நிலம் என் பேரிலும் அண்ணன் சாமுவேல் பேரிலும் சேர்ந்து இருந்தது. ரிசார்ட் கட்ட இடம் தேடும் ஒருவர் அண்ணனைப் போனில் விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். "சனிக்கிழம ஊர்க் கூட்டத்துல ஒத்துக்கினாங்கன்னா சரி. இல்லன்னா அந்த ஆளுக்கு நான் சரின்னுடுவேன். அப்புறம் என்மேல குத்தம் சொல்லாத டெய்சி" என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். ஊராரோ இரண்டு வருஷமாகச் சரி சரி என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகென்ன, சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் நான் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்கு ஆரணியில் வேன் ஏறினோம். அண்ணன், நான், அறக்கட்டளையிலிருந்து வந்த நிவேதா, டிரைவர் பாஷா பாய். வாடகை டீசலோடு நாலாயிரத்து ஐந்நூறு, டிரைவர் பேட்டா முந்நூறு. களம்பூர் வழியாகப் போளூர் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கேயே டிபனை முடித்துவிடுங்கள், மேலே ஓட்டல் திறந்திருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் இன்னொரு நாற்பது கிலோமீட்டர். வளைவுகள் ஆரம்பித்ததும் என் வயிறு புரள ஆரம்பித்தது.

"பாய், கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

"மெதுவாப் போனா வண்டி ஏர்றதுக்கு பேஜார் பண்ணும் டீச்சர். கண்ண மூடிக்கினு குந்துங்க, ஜல்தியா போய்டலாம்."

கண்ணை மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஊர் ஒன்பது கிலோமீட்டர், கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தை மாதக் குளிர் அப்போதும் விட்டபாடில்லை. வேலிக்கு வெளியே முந்தின நாளே ஆள் விட்டுப் பந்தலும் நாற்காலியும் போட வைத்திருந்தார் அண்ணன். வேனின் பின்சீட்டில் ஒரு நீளமான சுருள் கிடந்தது. என்ன என்று வழியில் கேட்டதற்கு "வந்து பாரேன்" என்று சிரித்திருந்தார். இப்போது அதைப் பிரித்துக் கேட்டின் மேலே கட்டச் சொன்னார்.

பத்தடிக்கு ஆறடி பேனர். பட்டு அங்கவஸ்திரத்தோடு கைகூப்பிக்கொண்டு என் அண்ணன். கீழே கொட்டை எழுத்தில்: 'மலைவாழ் மக்களுக்கு நிலத்தைத் தானமாக வழங்கும் ஆரணிப் பட்டு வள்ளலே வருக வருக!' தன்னைத்தானே வரவேற்றுக்கொண்டு நின்றார் மனிதர். எனக்குச் சிரிப்பாக வந்தது. அதோடு விட்டிருக்கக் கூடாது.

பத்து மணிக்கு ஊர் கூடிவிட்டது. ஊர்த் தலைவரை அங்கே ஊர்க் கவுண்டர் என்பார்கள். அவர் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மல்லிகாவைப் படிக்கச் சொன்னார். மல்லிகாதான் ஊர்ச் சங்கத்தின் செயலாளர், நாற்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து முடித்ததும் கவுண்டர் தலையாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும் மொதலாளி. போய்ட்டு வந்துடறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தார். ஐந்து நிமிஷத்தில் ஒருவர் மிச்சமில்லை.

ஒட்டுமொத்த ஊருக்குமா ஒரே நேரத்தில் மாடு தாகத்தில் கத்தும்? ஒரு மணி நேரம் ஆயிற்று. வாங்கி வந்த ஸ்வீட் பாக்ஸைச் சுற்றி ஈ மொய்த்தது. நிவேதாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு வருஷமா வந்துகினு போய்கினு இருக்கேன் மேடம், இப்படி ஆனதே இல்ல" என்றாள். டீ குடிக்கப் போன பாஷா பாய் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"கோச்சிக்காதீங்க மொதலாளி. டீக்கடையாண்ட பேசிக்கினு இருக்காங்கோ. 'எங்க அம்மன எங்களுக்கே தானம் பண்ண இவரு யாரு'ன்னு கேக்கறாங்கோ. இந்த போர்டு இருக்கச் சொல்ல ஒருத்தரும் வர மாட்டாங்கோ."

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சும்மா குடுக்கறேன்யா நெலத்த! கோடி ரூபா தர்றேன்னு ஒருத்தன் கால்ல வுழாத கொறையா நிக்கறான். ஒரு போர்டு வச்சது தப்பா?" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. ரிசார்ட்காரர். அண்ணன் போனைப் பார்த்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார். இவர் இப்போது ஒரு 'சரி' சொன்னால் அம்மனைச் சுற்றி நீச்சல் குளம் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் இந்த ஊரார் சாவி கேட்கக்கூட ஒரு வீடு இருக்காது.

"அண்ணா, எடுக்காத. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நம்ம பாவ வாங்கிக்கினு போய் கூலிக்கு நெய்யறவரு, சேலைய முடிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டு, 'சாமுவேல் மொதலாளிக்குச் சேல தானம் பண்ண வள்ளல்'னு நம்ம கட வாசல்ல போர்டு வச்சா நீ இன்னா பண்ணுவ?"

தெரியாதவர்களுக்கு: பாவு என்றால் தறியில் ஏற்றத் தயாராக இருக்கும் பட்டு நூல். அது முதலாளியுடையது. நெய்து முடித்த சேலையும் முதலாளியுடையது. திருப்பிக் கொடுப்பதில் வள்ளல்தனம் எங்கே வந்தது?

போன் அடித்து ஓய்ந்தது. அண்ணன் பேனரில் இருந்த தன் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அவனுக்கு இன்னொரு பாவு குடுப்பனா நானு?" என்றார். பிறகு, "பாய், கத்தி இருக்கா?"

கயிற்றை அவரே அறுத்தார். ஸ்வீட் பாக்ஸ் எதையும் எடுக்காமல், வெறுங்கையோடு டீக்கடைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் அண்ணனை நம்பி எதையும் பாதியில் விட முடியாது.

"கவுண்டரே, போர்ட அறுத்துட்டேன். தப்புதாங்க. வாங்க" என்றார் அண்ணன்.

"வர்றோம்" என்றார் கவுண்டர். "ஆனா கை நீட்டி வாங்க மாட்டோம் மொதலாளி. குடுக்கற கை மேல, வாங்கற கை கீழன்னு ஆயிடும்."

"பின்ன எப்படித்தாங்க குடுக்கறது?" என்றார் அண்ணன்.

மல்லிகா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "நீங்க குடுக்கவே வாணாம். கேட்டத் தொறந்துட்டு, சாவிய பூட்டுலயே வுட்டுட்டு அப்பால வந்துடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அப்படியே செய்தார் அண்ணன். துருப்பிடித்த பூட்டு கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது. சாவியை அதிலேயே விட்டுவிட்டு வேன் பக்கம் வந்து நின்றுகொண்டார். கவுண்டர் போய்ச் சாவியை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் அழுதுவிட்டேன். அழாமல் என்ன செய்வது, காலையிலிருந்து அடக்கிவைத்த மூச்சு அது.

அதற்கப்புறம் கூட்டம் கலகலவென்று நடந்தது. நாற்காலி போதாமல் பேனரைக் குப்புறப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். நிவேதா நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆடு உள்ளே மேயக்கூடாது என்ற இடத்தில் மட்டும் பெரிய சண்டை. "அத ஆட்டுக்கு யாரும்மா படிச்சிக் காட்டறது?" என்று ஒரு அம்மா கேட்க, நிவேதாவே சிரித்துவிட்டாள். கடைசியில், சுனைக்கு மேல்பக்கம் ஆடு போகக்கூடாது, கீழ்ப்பக்கம் மழைக்குப் பிறகு மேயலாம் என்று மாற்றி எழுதினார்கள். ஊரே கை தூக்கியது. சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அண்ணன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை போளூரில் பத்திரம் பதிவானது. வெளியே வந்து காபி குடிக்கும்போது ரிசார்ட்காரர் மறுபடி கூப்பிட்டார். "அந்த எடம் என்னுது இல்லீங்களே" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, என்னமோ லாட்டரி அடித்த மாதிரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு மனசு இவ்வளவு லேசாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் எப்போதோ கொடுத்திருப்போம்.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் பஸ்ஸில் போனேன். நீங்கள் போவதானாலும் இப்படியே போகலாம். ஆரணியிலிருந்து போளூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், இரண்டு மணி நேரப் பயணம். ஏறும்போதே கண்டக்டரிடம் திரும்பி வரும் பஸ் நேரத்தைக் கேட்டு வையுங்கள். கடைசி பஸ்ஸை விட்டால் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். சந்தையில் சாமை வாங்குங்கள், கீழே கிடைப்பதைவிட ருசி. ஸ்வெட்டர் அவசியம்.

சுனையைப் பார்க்கலாமா, படம் எடுக்கலாமா என்று இப்போதே நாலு பேர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சொல்ல முடியாது. ஊர்ப் பேரையும் எழுத வேண்டாம் என்று அவர்கள் சொன்னதால் எழுதவில்லை. ஜமுனாமரத்தூரில் விசாரித்தால் தெரியும். ஊருக்குள் போய்க் கேளுங்கள். விட்டால் பாருங்கள், விடவில்லை என்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

நான் போனபோது கேட் இருந்த இடத்தில் கேட் இல்லை. கழற்றிக்கொண்டு போய் ஆட்டுப்பட்டிக்குக் கதவாக மாட்டியிருந்தார்கள். முள்கம்பியையும் பாதி சுருட்டிவிட்டார்கள். யாரையும் காணோமே என்று சுனைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். பத்தடி போயிருப்பேன், மேலேயிருந்து மல்லிகாவின் குரல்.

"இன்னாக்கா, செருப்போட வர்றீங்க? அம்மன் இருக்கற எடம். கழட்டி வுட்டுட்டு வாங்க!"

அப்பா காலத்திலிருந்து நாங்கள் குடும்பத்தோடு செருப்புக் காலில்தான் அந்த வழியில் போய் வந்திருக்கிறோம். முதலாளி வீட்டு ஆட்களை யார் கேட்பது? ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. மல்லிகாவும் அதுவரை என்னை 'மொதலாளியம்மா' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அங்கேயே குனிந்து வாரை அவிழ்த்தேன்.

"முள்ளு இருக்குமே மல்லிகா?" என்றேன்.

"இருக்கும்க்கா. பாத்து வாங்க" என்றாள்.