ரூட்டருக்கும் எனக்கும் நடுவே நெல்

எங்கள் வீட்டுக்கு ரூட்டர் வாங்கப் போனது ஆனி மாதத்தில். அதுதான் தப்பு என்று எனக்குப் புரட்டாசியில்தான் உறைத்தது.

குடவாசல் பக்கத்துக் கிராமத்தில், புகுந்த வீட்டில் இருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். வீடு ரயில் மாதிரி நீளம். தெருப்பக்கம் முன்னறை, நடுவில் பெரிய கூடம், கடைசியில் என் அறை. இணைய ஒயர் வருவது தெருப்பக்கம், வேலை நடப்பது கொல்லைப்பக்கம். அவ்வளவு தூரத்துக்கு எந்த ரூட்டர் சரிப்படும் என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதை வைத்து வேலை பார்க்கப் போகிற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் என் கணவர். யூடியூபில் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். மிக்ஸி வாங்கியபோதே பட்டவள் நான். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார். "அண்ணி, எங்க வீட்ல சின்ன டப்பா ஒண்ணுதான். எல்லா ரூம்லயும் பறக்குது" என்றார் வீடியோ காலில். அவருடைய வீடு மொத்தமும் எங்கள் கூடத்துக்குள் அடங்கிவிடும். அதைச் சொன்னால், "அண்ணி சும்மா பயப்படுறாங்க" என்று சிரிப்பு வேறு.

கும்பகோணத்துக் கடைக்காரர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "நடுவுல தடுப்பு ஏதும் இருக்குங்களா? பெரிய பீரோ, தண்ணித் தொட்டி, அந்த மாதிரி?"

"கூடம் சும்மாத்தாங்க கெடக்கு" என்றோம் நானும் கணவரும் ஒரே குரலில். ஆனியில் அது உண்மை. மகள் அங்கேதான் பந்து விளையாடுவாள்.

முன்னறைச் சுவரில் ரூட்டரை மாட்டினோம். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ஒரு குறையும் இல்லை.

புரட்டாசியில் குறுவை அறுப்பு. நெல் ஈரமாக இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. காயவைக்கலாமென்றால் மழை பிடித்துக்கொண்டது. வயலைப் பார்த்துக்கொள்வது மாமனார். அவர் மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்க வைத்தார். சுவருக்குச் சுவர் நெல். ஒருக்களித்துப் போக ஓரமாக ஒரு வழி, அவ்வளவுதான். அந்த வாரமே என் மீட்டிங்குகள் பாதியில் அறுந்து விழ ஆரம்பித்தன.

"ரூட்டர் போயிடுச்சு" என்றார் கணவர். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார் சிங்கப்பூர்க்காரர். பண்ணினோம், பண்ணினோம், சுவிட்ச் தேய்ந்ததுதான் மிச்சம். அப்புறம் கணவர் மல்லாந்து கிடக்கிற நண்டு மாதிரி, ஆறு ஆன்டெனாவோடு இன்னொரு ரூட்டரை வாங்கி வந்தார். அதுவும் அதே லட்சணம். மொட்டைமாடிக்குப் போனால் செல்போனில் நெட் கிடைக்கும், ஆனால் மழை. முன்னறையில் உட்கார்ந்து பார்த்தேன். அறுப்பு மெஷின்காரர் மாமனாரிடம் போட்ட சண்டை முழுவதையும் என் மேலாளர் கேட்டுவிட்டார்.

அவர் நல்ல மாதிரியான பெண்தான். "இன்னொரு தடவை கிளையன்ட் கால்ல கட் ஆச்சுன்னா மேல என்னால பதில் சொல்ல முடியாது. நீங்க ஆபீஸுக்கே வந்துடுங்க" என்றார். பள்ளிக்கூடம் போகிற பெண்ணை விட்டுவிட்டு நான் சென்னைக்கு எங்கே போவது? வேலையை விட வேண்டியதுதான். அடுத்த கிளையன்ட் கால் வியாழக்கிழமை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வியாழன் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தேன். முன்னறையில் சிக்னல் முழுசாக இருந்தது. மூட்டைகளைத் தாண்டினால் செத்துப்போனது. கை வலித்ததால், எக்கி லேப்டாப்பை மூட்டைகளின் மேல் வைத்தேன். சிக்னல் திரும்பி வந்தது. இறக்கினேன், போய்விட்டது.

ரூட்டருக்கு ஒன்றுமில்லை. வழியை அடைத்துக்கொண்டு நின்றது ஈர நெல். தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பம், கடைக்காரர் கேட்டபோது கூடத்துக்கு நெல் வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கணவரிடம் சொன்னேன். "அட, ஆமால்ல" என்றார். அந்த ஆறு ஆன்டெனாவையும் பிடுங்கி அவர் கையில் கொடுக்கலாம் போல இருந்தது.

ரூட்டரை நகர்த்த ஒயர் எட்டவில்லை. ஒயர்க்காரர் மழை விட்டதும் வருகிறேன் என்றார். முன்னறையில் ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும். மூட்டை மேல் ஏறி உட்காருவதுதான் ஒரே வழி. ஆனால் எங்கள் வீட்டில் நெல்லின் மேல் கால் படக்கூடாது. மாமனார் இதில் ரொம்பக் கறார். மகள் ஒரு காலை மடக்கி மூட்டையில் ஊன்றிச் சாய்ந்ததற்கே கத்தியவர். அடுக்கிய ஆட்கள் என்ன பறந்துகொண்டா அடுக்கினார்கள் என்று கேட்க வாய்வரை வந்ததை அன்று அடக்கிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் அவரிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம்தான் காரணம் என்றதும் ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை உதறிவிட்டுக் கொல்லைக்குப் போனார். கோபம் என்று நினைத்தேன். மூங்கில் ஏணியோடு வந்து மூட்டைகளின் மேல் சாத்தினார்.

"கால கழுவிட்டு வந்து ஏறும்மா."

"மாமா, நெல்லு மேல..."

"ஈரம்னு சொல்லி நெல்லத்தான் வேணாம்னுட்டாங்க. அதே ஈரத்துக்காக உன்னையும் வேணாம்னு சொல்லணுமா? ஏறு."

ஏறினேன். உத்தரத்தில் தலை இடிக்காமல் குனிந்து, புழுங்கிய நெல் வாடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழு மீட்டிங்கையும் பேசி முடித்தேன். ஒரு வார்த்தை அறுபடவில்லை. "வீட்லேருந்தே பாருங்க" என்றார் மேலாளர்.

இறங்கலாமென்று திரும்பிக் காலை நீட்டினேன். கீழே மாமனார், இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.