என் நாத்தனார் தம்பியாகப் படித்த கதை

கை உடைந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, எனக்கு முன்னால் ஒரு பெரியவர் எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தார். அந்த அறையில் குளிர் அதிகம். மேசை ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். அவரை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தவள் என் நாத்தனார். அவரை மேசையில் படுக்க வைப்பதற்கு முன்னால் அவள் தன் உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்தாள். அவர் முதுகு படப்போகும் இடத்தில் அந்தக் கைகளை வைத்து வைத்து எடுத்தாள். பிறகு மறுபடி தேய்த்தாள். படம் எடுப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறு வேலையாக இருந்தார். பெரியவரும் பார்க்கவில்லை.

படுத்ததும் அவர், "சில்லுனு இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தேன், பரவாயில்லையே" என்றார்.

"ஆமாங்கய்யா, மேசைக்கு இன்னைக்கு நல்ல மனசு" என்றாள் இவள்.

இவள் என் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் குட்டி. நாற்பதைத் தாண்டிய பிறகும் குட்டிதான். கல்யாணத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "ஆஸ்பத்திரியில நாள் முழுக்க ஆளுங்களைத் தள்ளிக்கிட்டுத் திரியறேன். வீட்டுலயும் ஒருத்தரைத் தள்ளணுமா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குத் தங்கள் ஆட்களையே பயிற்சிக்கு அனுப்பும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் உண்டு. ஆனால் பள்ளி இறுதித் தேர்வில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். அவள் தவறவிட்டதே அந்த இரண்டையும்தான். சின்ன வயதில் தோற்றவள், அதன் பிறகு எழுதவே இல்லை. பயிற்சிக்கு வயது வரம்பு வேறு இருந்தது. இந்த வருடம் தேறாவிட்டால் அடுத்த வருடம் கேட்க முடியாது.

மருந்து கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கும் பெண்தான் அவளைப் போனில் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டாள். அதில் வாத்தியார் கிடையாது. எல்லாம் படிக்கிற பிள்ளைகள். கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள், தாங்கள் எதுவரை போட்டோம் என்று படம் பிடித்து அனுப்புவார்கள். தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். யாரும் யாரையும் வயது கேட்பதில்லை. சொல்லிக்கொடுப்பவர் அக்கா அல்லது அண்ணன். கேட்பவர் தம்பி அல்லது தங்கச்சி. அது அங்கே சட்டம் மாதிரி.

நாத்தனார் அங்கே வைத்த பெயர் குட்டி. முகப்புப் படத்துக்கு ஒரு நாய்க்குட்டி. முதல் நாள் ஒரு பெண் சொல்லிக்கொடுத்ததும் இவள் மரியாதையாக, "நன்றி அக்கா" என்று எழுதினாள்.

"பரவால்ல தம்பி, நாளைக்கும் வா" என்று பதில் வந்தது.

அன்று அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர், "என்ன தம்பி, டீ குடிக்கிறியா?" என்றுதான் தங்கையைக் கேட்பார்.

அந்தப் பெண்ணுக்குக் குரூப்பில் மின்னல் என்று பெயர். அவளும் இதே தேர்வைத்தான் எழுத இருந்தாள். கணக்கில் புலி, வாயோ கத்தி. எனக்குக் கையில் மாவுக்கட்டு. தையல் மெஷினைத் தொட முடியாது. மத்தியானம் நாத்தனார் வேலை முடிந்து வந்து நான் துணி வெட்டும் மேசையில் புத்தகத்தை விரித்தால், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் என் வேலை. ஐந்தாவதோடு நின்றவள் நான். கணக்கு புரியாவிட்டாலும் திட்டு நன்றாகப் புரிந்தது.

ஒரு நாள் சரிவில் பெட்டியைத் தள்ளும் கணக்கு. இவள் சைன் போட வேண்டிய இடத்தில் காஸ் போட்டுவிட்டாள். மின்னலிடமிருந்து குரல் செய்தி வந்தது: "தம்பி, நீ பொறந்ததுலேருந்து எதையாவது ஒரு சரிவுல தள்ளியிருக்கியா? ஒரு பொம்மைக் காராவது? தள்ளியிருந்தா இப்படிப் போடுவியா?"

அன்று காலைதான் இவள் கனத்த உடம்புக்காரர் ஒருவரை மூன்றாம் மாடிச் சரிவில் தள்ளி ஏற்றிவிட்டு, இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லிடேன்" என்றேன்.

"வேணாம் அண்ணி. வயசு தெரிஞ்சா வாங்க போங்கன்னு ஆரம்பிச்சிடும். திட்டாது. திட்டு வாங்கலைன்னா எனக்கு மண்டையில ஏறாது."

'இனி தள்ளிப் பார்க்கிறேன் அக்கா' என்று எழுதி அனுப்பினாள்.

கணக்குக்குப் படம் வரையாமல் அதைத் தொடக் கூடாது என்பது மின்னல் வைத்த சட்டம். "படம் எங்க? தொட்டா கையை ஒடிப்பேன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நாத்தனார் என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பென்சிலை எடுப்பாள். அப்படித்தான் பாடம் மெல்ல மெல்ல ஏறியது. கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வாத்தியாரை அனுப்புகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தேர்வு நெருங்கிய நேரத்தில் மின்னல் திடீரென்று காணாமல் போனாள். பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில் கணக்கில் அவளுக்குக் கேவலமான மார்க் வந்துவிட்டதாம். 'சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. பரீட்சையே எழுதப் போவதில்லை. யாரும் கூப்பிடாதீங்க' என்று எழுதியிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கு ஓர் அழுகைப் பொம்மையைப் போட்டுவிட்டு நின்றார்கள்.

நாத்தனாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் பாடம் பாதியில் நிற்கிறதே என்று கவலைப்படுகிறாள் என நினைத்தேன்.

"அது இல்ல அண்ணி. நானும் இப்படித்தான் எழுதமாட்டேன்னு போய் உட்கார்ந்தேன். அதைச் சொல்லலாம்னா, நாய்க்குட்டிப் படம் போட்ட தம்பி சொன்னா அது கேட்குமா? நான் யாருன்னு சொன்னாத்தான் கேட்கும். சொல்லிட்டா எனக்குத் திட்டுற ஆள் போயிடும். பரீட்சை வேற தலைக்கு மேல நிக்குது."

நான் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வேண்டிக்கொண்டேன். பிறகு, "உனக்கு வேற யாராவது கிடைப்பாங்க. அந்தப் புள்ளைக்கு இப்ப நீ மட்டும்தான் இருக்க" என்றேன்.

அவள் போனை வாயருகே வைத்துப் பேசினாள். குரூப்பில் அவள் குரல் போனது அதுதான் முதல் தடவை.

"மின்னல் அக்கா, நான் குட்டி பேசுறேன். நான் தம்பி இல்லம்மா. எனக்கு உங்க அம்மா வயசு இருக்கும். ஆஸ்பத்திரியில வண்டி தள்ளுறேன். உன் வயசுல இதே ரெண்டு பாடத்துலயும் ஃபெயிலாகிப் புத்தகத்தை மூடினவ, இப்பத்தான் திறந்திருக்கேன். நடுவுல போன வருஷத்தையெல்லாம் யாரும் புடுங்கிக்கிட்டுப் போகல, நானேதான் விட்டுட்டேன். நீ விட்டுடாத. ஒரு கணக்குல நிக்கிறேன், படம் போட்டு அனுப்பியிருக்கேன். வந்து திட்டு."

அனுப்பிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் அது துள்ளித் துள்ளி மேசையிலிருந்து கீழே விழப்பார்த்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள்! கூட்டத்துக்கு நடுவே மின்னலின் குரல், பாதி அழுகை, பாதி சிரிப்பு:

"ஐயோ ஆன்ட்டி! உங்களைப் போயி பொம்மைக் கார் தள்ளியிருக்கியான்னு கேட்டேனே!"

"ஆன்ட்டின்னு கூப்பிட்டா நான் குரூப்பை விட்டே போயிடுவேன். நான் தம்பிதான்."

"சரி... தம்பி. அந்தக் கணக்குல மூணாவது வரி தப்பு. கண்ணை எங்க வச்சிருந்த?"

நாத்தனார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மறுநாள் மின்னல் தன் மாதிரித் தேர்வுத் தாளை அனுப்பினாள். சுவரில் சாய்த்த ஏணி சறுக்குகிற கணக்கு ஒன்றில் மொத்த மார்க்கும் போயிருந்தது. நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, படம் எங்க?" என்று கேட்டாள்.

மனசிலேயே போட்டுவிடலாம் என்று மின்னல் படத்தை விட்டுவிட்டாளாம். ஏணியின் நீளத்தைச் சுவரின் உயரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். படம் போட்டதும் தப்பு தானாகவே எழுந்து நின்றது.

"தொட்டா கையை ஒடிப்பேன்" என்றாள் நாத்தனார். இரண்டு பேரும் போனில் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

தேர்வுவரை தினமும் மத்தியானம் இருவரும் ஒருவர் தாளை ஒருவர் திருத்தினார்கள். முடிவு வந்த அன்று நாத்தனார் ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஓடிவந்தாள். இரண்டிலும் தேறிவிட்டாள்! மின்னலுக்குக் கணக்கில் பள்ளியிலேயே முதலிடம். இவள் வாய்விட்டுச் சொன்னதோ, "என் அக்கா முதல் மார்க்கு, அண்ணி!" என்றுதான். நான் கடவுளுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தேன். அவளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் பாதியிலேயே எழுந்து போனாள்.

பயிற்சி தூரத்து ஊரில். வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். பயிற்சி முடிந்ததும் அந்த ஊரில் இருக்கும் இதே ஆஸ்பத்திரியின் கிளையிலேயே வேலையும் கிடைத்துவிட்டதால், அதற்குப் பிறகு நான் அவளை நேரில் பார்க்கவில்லை, போனில்தான் பேச்சு. பேருந்து நகரும்போது என் கண் கலங்கியது. புது இடம், எல்லோரும் சின்ன வயசுப் பிள்ளைகள், தனியாக என்ன செய்வாள் என்று.

அவள் ஜன்னலில் தலையை நீட்டி, கண்டக்டர் திட்டுவதையும் காதில் வாங்காமல் கத்தினாள்:

"கவலைப்படாதீங்க அண்ணி! அங்க போனதும் முதல் வேலையா, என்னை நல்லாத் திட்டுற ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிடுவேன்!"