எங்கள் மாடியில் வாசித்த கதை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரரை அடித்தவர்கள் இன்றைக்கும் எங்கள் ஊர் கோமதி அம்மன் சந்நிதியில் எனக்கு முன்னால் நின்று கும்பிடுகிறார்கள். அம்பாள் தைரியம் தந்ததால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கல்லூரித் தமிழாசிரியர். இந்தக் காலத்துக் கதை, நாவல்களை ஆராய்வதற்காக, கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு எங்கள் மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிறு உட்கார ஆரம்பித்தார். வாட்ஸ்அப்பில் குழு வைத்ததும் கோவில்பட்டி, திருவேங்கடம், மதுரை என்று ஆட்கள் சேர்ந்தார்கள். சென்னை ஆய்வு மாணவிகள் போனில் முகம் காட்டிப் பேசினார்கள். மாடி கொள்ளாமல் படிக்கட்டிலும் உட்காருவார்கள். சமையல் என் பொறுப்பு.

"மதினி, நாங்க கதைக்கு வாரோமா, ஒங்க சாம்பாருக்கு வாரோமான்னு எங்களுக்கே தெரியல" என்பார் ஒரு ஆசிரியர்.

அவர்களுக்கு ஒரு விதி உண்டு. பேசுவதற்கு முன்னால் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். பாத்திரம் கோபப்பட்டால் கோபத்தோடு. அதில் என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்.

ஒரு ஞாயிறு அவர் வாசித்த கதையில், வேறு சாதிப் பையனோடு போன மகளை வெட்ட அரிவாளோடு தேடி வருகிறான் ஒரு தகப்பன். "நம்ம சாதிப் பொட்டச்சிக எல்லாம் தேவடியாளுகளாப் போயிட்டாளுக" என்று கத்துகிறான். கடைசியில் அரிவாளைக் கிணற்றில் எறிந்துவிட்டு மகள் காலடியில் விழுகிறான். யாரோ போனில் எடுத்து, கத்தின இடத்தை மட்டும் நறுக்கி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு, ஒரு வாத்தியார் தன் சாதிப் பெண்களைத் திட்டுவதாகத்தான் பட்டது.

அடுத்த மாதக் கூட்டம். இலை போடுகிற நேரம் பைக்குகள் வந்து நின்றன. எல்லாரும் எங்கள் சாதிக்காரர்கள். கையில் உருட்டுக்கட்டை.

"ஏலே வாத்தி, எறங்கி வால கீழ!"

"அது கதைல வார தகப்பன் பேசுதது அண்ணாச்சி. முழுசாக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே இவர் படியிறங்கினார்.

"கதையாம்லா கதை! பேசுன வாயி ஒன் வாயிதானல?"

முதல் அடியே வாயில். தாடை முறிந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. பல் தெறித்து இலையில் விழுந்தது. கீழே கிடந்தவரை மிதித்தார்கள். குறுக்கே விழுந்த அந்தச் சாம்பார் ஆசிரியரின் கையை ஒடித்தார்கள். நான் அலறிக்கொண்டு ஓடி வந்தேன்.

"மதினி, நீங்க தள்ளுங்க. ஒங்க மானத்துக்கும் சேத்துத்தான் அடிக்கோம்" என்றான் ஒருவன்.

பந்திக்கு இறக்கி வைத்திருந்த கொதிக்கிற சாம்பாரைத் தூக்கி அவன் நெஞ்சில் ஊற்றினேன். தோல் வழன்று வந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. அம்பாளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். உயிர் மிஞ்சியது. இனி உரக்க வாசிக்க வராது என்றார்கள். குழுவில் பாதிப் பேர் சொல்லாமலே விலகிவிட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்த சிலரும், "இந்தத் தடவ வேண்டாமே மதினி" என்று இழுத்தார்கள். இவர் கண்ணாலேயே அந்தப் புத்தகத்தைக் காட்டினார். பாதியில் நறுக்கிய கதைக்குப் பயந்து கூட்டம் நின்றுபோனால் மனுஷர் செத்தே போவார் என்று எனக்குத் தெரியும்.

அவர் நெற்றியில் அம்மன் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை இட்டுவிட்டு, நானே புத்தகத்தை எடுத்தேன். தட்டுத் தடுமாறித்தான் வாசித்தேன். அந்த வார்த்தை வந்ததும் நாக்கு எழவில்லை. சாமி பேர் சொல்லுகிற வாய். இவர் விரலால் மேசையைத் தட்டினார், மேலே போ என்று. கத்தினேன். தகப்பன் மகள் காலில் விழும் வரை நிறுத்தவில்லை.

போனில் அதைக் கேட்டவர்கள் தங்கள் கல்லூரிகளிலும் முழுக்க வாசித்தார்கள். பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களிலிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். இப்போது எங்கள் மாடி போதாது. ஆனாலும் நறுக்கின துண்டு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகையால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை யாருக்காவது அனுப்பினால் முழுசாக அனுப்புங்கள். அந்தக் கெட்ட வார்த்தையையும், நான் ஊற்றின சாம்பாரையும் எடுத்துவிடாதீர்கள்.