குறையே எழுதாத கடிதம்

மதராஸில் ஆறு மாதம் பொறுப்புப் பயிற்சி முடித்துத் திரும்பியதும் என்னை வார்டுக்குச் சார்ஜ் சிஸ்டர் ஆக்கினார்கள். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அது. முப்பது கட்டில், ஒன்பது நர்சுகள். போகும்போது நான் அந்த ஒன்பதில் ஒருத்தி. வந்தபோது எனக்குத் தனி அறை, தனி மேசை, மூடி போட்டு வரும் தனிச் சாப்பாடு. மற்றவர்கள் மெஸ்ஸில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக்கொண்டு சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். நான் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். அதனால் போவதை நானே நிறுத்திக்கொண்டேன். கீழே வேலை செய்கிறவர்களோடு அதிகம் ஒட்டக் கூடாது என்று மதராஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். படித்ததில் அந்த ஒரு பாடம் மட்டும் நான் ஒன்றும் செய்யாமலே பலித்தது.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், பனச்சமூட்டுக்கு அப்பால் வீடு. ஒரே நாளில் நர்சிங் படிக்கச் சேர்ந்தவர்கள் நாங்கள். பத்து வருஷமாக என்னை ‘மக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். நான் மதராஸிலிருந்து வந்த முதல் நாள், “வாருங்க சிஸ்டர்” என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆனாலும் அவளோடு தினமும் அரைமணி நேரம் எனக்கு மிச்சம் இருந்தது. எங்கள் வார்டில் டியூட்டி மாறும்போது எழுதி வைத்துவிட்டுப் போகிற வழக்கம் இல்லை. போகிறவளும் வருகிறவளும் கட்டில் கட்டிலாக நடந்து, நோயாளியின் காதுபடவே சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஒரு கட்டிலில் தமிழ் பேசுவோம், அடுத்ததில் மலையாளம். புதிதாகச் சேர்ந்த பெண்கள் பின்னாலேயே நடந்து, கேட்டுக் கேட்டு வேலை படிப்பார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் என்னிடம் ஒப்படைப்பாள்.

“இவியளுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல. மகன் வரல்லன்னு கஞ்சி குடிக்காம கெடக்குதாவ” என்பாள். பிறகு பின்னால் நிற்கும் பெண்ணைப் பார்த்து, நீயாயிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பாள். தெரியாவிட்டால் திட்ட மாட்டாள். மறுநாள் அதே கட்டிலருகே நிறுத்தித் திரும்பக் கேட்பாள். நான் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்ததையெல்லாம் அவள் எந்த நோட்டும் இல்லாமல் செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறாமை இல்லை என்றால் பொய். ஆனால் அந்த அரைமணி நேரம் அவள் என் பக்கத்தில் நடந்தாள், அது எனக்குப் பொறாமையைவிடப் பெரிது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் ஹர்த்தாலும் நடந்துகொண்டிருந்தன. பஸ் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை நான் அதியன்னூரில் என் வீட்டுக்குப் போயிருந்தபோது வண்டிகள் நின்றுபோயின. மூன்றாம் நாள் நடந்தே வந்தேன், வார்டு நாறிக் கிடக்கும் என்று பதறிக்கொண்டு. அவளும் இரண்டு புதுப்பெண்களும் மட்டும்தான் அத்தனை நாளும் அங்கே இருந்திருக்கிறார்கள். வார்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. போராட்டத்தில் அடிபட்டு வந்த ஒரு தமிழருக்கும் ஒரு மலையாளிக்கும் நடுவில், காது கேளாத ஒரு பெரியவரின் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தாள். மதராஸில் எந்த வகுப்பிலும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

அந்த மாதமே பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அடுத்து ஒருத்தியை அதே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும், கட்டிக்கொண்டிருந்த புதுப் பிரசவ வார்டுக்கு அவள்தான் சார்ஜ். ஒவ்வொருத்தியைப் பற்றியும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

யாரை அனுப்புவது என்று யோசிக்கவே தேவையில்லை. ஆனால் பேனாவைத் திறந்ததும் எனக்குப் பயம் வந்தது. ஆறு மாதம் அவள் இருக்க மாட்டாள், அதற்குப் பிறகு வேறு கட்டிடத்துக்குப் போய்விடுவாள். குறை எழுத மனசு வரவில்லை, குறையும் இல்லை. அதனால் நிறையே எழுதினேன். பொறுமை, நிதானம், புதியவர்களைப் பழக்கும் சாமர்த்தியம் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில், ‘இவர் இல்லாமல் இந்த வார்டு நடக்காது, விடுவிக்க இயலாது’ என்று முடித்தேன். இன்னொருத்தியைப் பற்றி, ‘பயிற்சி கொடுத்தால் முன்னுக்கு வருவார்’ என்று எழுதினேன். அந்த இன்னொருத்தியைத்தான் அனுப்பத் தீர்மானித்தார்கள்.

யாரைப் பற்றியாவது நல்ல வார்த்தை எழுதி வந்தால், காலை ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னிலும் வாசிப்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். அதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் சந்தோஷமாக வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தலை குனிந்து நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் கைதட்டினேன்.

அன்று மத்தியானம் முப்பது கட்டிலையும் ஒப்படைத்துவிட்டு வார்டின் கோடியில் நின்றாள்.

“நீங்க எழுதினதுல கள்ளம் ஒண்ணும் இல்ல, சிஸ்டர். ஒரு வரி கொறச்சு எழுதியிருந்தா நான் போயிருப்பேனாக்கும்” என்றாள்.

நீ போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

“பின்னே, வார்டை ஆரு பாத்துக்கிடுவா?”

“செரி” என்றாள். போய்விட்டாள்.

பிறகு எல்லை வகுத்தார்கள். ஆஸ்பத்திரி கேரளத்தில் நின்றது, அவள் வீடு தமிழகப் பக்கம் போயிற்று. வந்துபோகிற தூரம்தான், வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. அவள் அந்தப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். எல்லை பிரிந்ததால் போனாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டவர்களிடம் நானும் அப்படித்தான் சொன்னேன்.

அவள் போன மறுநாள் காலை ஆறு மணிக்கே வார்டில் போய் நின்றேன். படுக்கைகள் விரித்திருந்தன. மருந்து நேரத்துக்குக் கொடுத்தாயிற்று. அவள் பழக்கிய பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக வேலையில் இருந்தார்கள், மத்தியானம் வரை ஒருத்தியும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அவள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை.